எண்ணெய்ச்சட்டி வைக்காத வீடு

(பாளையங்கோட்டையில், தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

'பண்டிகையும் குடும்பமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலை எண்ணெய்க் குளியல், மஞ்சள் தடவிய புதுத்துணி, ஆச்சி கிண்டிய லேகியம், தாத்தா கொளுத்திய முதல் வெடி. எல்லாம் நல்ல நினைவுகள்தான். அவற்றை இன்றைக்கு ஓரமாக வைத்துவிட்டு, பண்டிகை இல்லாத வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எந்தத் தீபாவளியானாலும், எந்தப் பொங்கலானாலும், தெருவுக்கு ஒரு வீடாவது அப்படி இருக்கும். நம் பண்டிகைப் பேச்சில் அந்த வீடு வருவதே இல்லை.

"இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது." இதை ஒருமுறையாவது சொல்லாத குடும்பம் இந்த அரங்கில் இருக்காது. வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், வருஷத் திதி முடிகிற வரை பண்டிகை இல்லை. புதுத்துணி எடுக்க மாட்டார்கள். வெடி கிடையாது. தை முதல் நாள் வாசலில் பானை ஏறாது. மார்கழி முழுக்கத் தெருவே கோலமும் பூசணிப்பூவுமாக இருக்கும்போது அந்த வாசல் மட்டும் வெறும் தண்ணீர் தெளித்துக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டார்கள். பங்காளி வீடுகளுக்கும் இந்தக் கட்டு உண்டு. சமூகத்துக்குச் சமூகம் கொஞ்சம் மாறும். சிலர் பதினாறோடு முடித்துக்கொள்வார்கள், சிலர் வருஷம் முழுக்கக் காப்பார்கள்.

இளையவர்களுக்கு இது வேண்டாத வழக்கமாகத் தோன்றலாம். எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு. கணவனையோ தாயையோ பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், விடிய நாலு மணிக்கு எழுந்து மாவு ஆட்டு, முறுக்குப் பிழி, சிரித்த முகத்தோடு வாசலில் நின்று வாழ்த்துச் சொல் என்று கேட்பது கொடுமை. அந்தக் கொடுமையிலிருந்து அவளைக் காப்பாற்றுகிற வழக்கம் இது. ஊருக்காகச் சந்தோஷப்பட வேண்டிய கடமை அவளுக்கு ஒரு வருஷத்துக்கு இல்லை.

ஆனால் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். சட்டி வைக்கத்தான் தடை. தின்னத் தடை இல்லை. அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும். தெருவெல்லாம் சுசியம் மணக்கும்போது அந்தக் குழந்தைக்கும் மூக்கு இருக்கும். அப்படியானால் அந்த வீட்டுக்குப் பலகாரம் யார் செய்வது? பக்கத்து வீடு. வழக்கத்தின் பாதியைத் துக்க வீடு கடைப்பிடிக்கிறது. மீதிப் பாதி எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. முதல் பாதியைச் சொல்லித்தர ஊரில் நூறு பெரியவர்கள் உண்டு. இரண்டாவது பாதியைச் செய்யச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. செய்தால் உண்டு.

சாவு நடந்த அன்றைக்கு இதை யாரும் மறப்பதில்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் காப்பி வரும், இட்லி வரும், கேதத்துக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் சோறு வரும். நம் ஊர்த் தெருக்கள் அதில் குறை வைத்ததில்லை. பதினாறு முடிந்து, பந்தலைப் பிரித்து, வெளியூர்ச் சொந்தம் பஸ் ஏறிய பிறகுதான் தெரு மறக்கத் தொடங்குகிறது. இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துப் பண்டிகை வரும்போது, அவரவர் வீட்டு முறுக்கு அவரவருக்கு. நல்ல பக்கத்து வீட்டார் யார் என்று தெரிய வருவது அன்றைக்குத்தான்.

புறநானூற்றின் 194-ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒரு பெண் பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தி கண்ணீரோடு நிற்கிறாள். இதைப் பார்த்துவிட்டு அந்தப் புலவர் உலகத்தைப் படைத்தவன் மேலேயே கோபப்படுகிறார். உலகத்தின் குணம் இதுதான் என்று தெரிந்தவர்கள் அதில் இனியவற்றைக் கண்டுகொள்ளட்டும் என்று முடிக்கிறார். இந்தப் பாடலை வகுப்பில் நிலையாமைக்கு உதாரணமாகச் சொல்லித் தருகிறோம். எனக்கு எப்போதும் ஒரு கேள்வி எழும். மறுநாள் காலையில் அந்த மணவீட்டிலிருந்து சாவு வீட்டுக்கு யாராவது போனார்களா? பாட்டு அதைச் சொல்லவில்லை. பதில் நம் தெருக்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். படைத்தவன் மேல் கோபப்படப் புலவரால் முடியும். எதிர்வீட்டு அம்மாளால் செய்ய முடிந்தது ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடப்பது.

அப்படித் தெருவைக் கடந்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு டீச்சர் குடியிருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். கணவர் தபாலாபீசில் வேலை. நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம் ஆவணியில் எங்கள் அம்மா தவறிப்போனாள். ஐப்பசியில் தீபாவளி. வீட்டில் அப்பா, அப்பாவைப் பெற்ற ஆச்சி, நான், ஐந்து வயதுத் தம்பி. ஆச்சி கடுமையான சைவம். வெளிவீட்டில் சமைத்ததைக் கையால் தொட மாட்டாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் டீச்சர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஆச்சி, உங்க வீட்ல சட்டி வைக்கக் கூடாது, சரி. எங்க வீட்ல வைக்கலாம்லா?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒனக்கு எதுக்குளா இந்தப் பாடு?" என்றாள்.

"புதுச் சட்டி வாங்கியாச்சு ஆச்சி. அதுல வேற எதையும் பொரிக்கல" என்று சொல்லிவிட்டு, ஆச்சி மறுபேச்சுப் பேசும் முன்னால் டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளே, உங்கம்மா சுசியத்துக்குப் பாசிப்பயறு போடுவாளா, கடலைப்பருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. தின்றுதான் பழக்கம். பதில் ஆச்சியிடமிருந்து வந்தது. "பாசிப்பயறு. வறுத்துட்டுத்தான் வேகவைக்கணும். கருப்பட்டி போடு. வெல்லம் போட்டா அவ ஒத்துக்கிட மாட்டா."

ஒத்துக்கிட மாட்டா என்றாள். அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அம்மாவின் பேச்சை எடுத்தால் யாராவது அழுதுவிடுவார்கள். அதனால் எடுப்பதே இல்லை. அன்றைக்கு ஆச்சியும் டீச்சரும் அரை மணி நேரம் அம்மாவின் சுசியத்தைப் பற்றிப் பேசினார்கள். மேல்மாவுக்குப் பச்சரிசிக்கு உளுந்து எவ்வளவு, பூரணத்தில் தேங்காயை வதக்கிப் போடுவாளா பச்சையாகவா, ஏலக்காய் எத்தனை. ஒருவரும் அழவில்லை. தீபாவளியன்று காலையில் டீச்சர் தூக்குவாளியில் கொண்டுவந்த சுசியத்தைவிட அந்த அரை மணி நேரம்தான் அவர் எங்களுக்குக் கொடுத்ததில் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். பக்குவம் கேட்கிற சாக்கில் எங்கள் அம்மாவை வீட்டுக்குள் திரும்பக் கூட்டிவந்தார்.

டீச்சர் வீட்டில் தீபாவளி கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் இல்லை. இரண்டு வீட்டிலும் இல்லாத தீபாவளிக்காக அவர் விடியற்காலை எழுந்து அடுப்பு மூட்டினார். தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், மதிலுக்கு உள்பக்கம் நிறுத்தி, கையில் ஒரு கம்பி மத்தாப்பைக் கொடுத்தார். எங்கள் வாசலில் வெடி கூடாது என்ற வழக்கத்தையும் மதித்தார்; பிள்ளைக்கு ஐந்து வயது என்பதையும் மதித்தார்.

தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, அது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த வருஷம் வீட்டில் செய்த பண்டம் எதையும் போட வழியில்லை. ஆச்சி வாளியைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றாள். பிறகு கொல்லைப்பக்கம் போய், முருங்கையை வளைத்து, வாளி நிறையக் கீரை ஒடித்துப் போட்டாள்.

சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகை மாதம் டீச்சரின் கணவர் காலமானார். அந்த டிசம்பரில் அவர் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. கேக் இல்லை. அவர்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து இல்லாமல் இருக்காது. ஆச்சி அதை ஆயுளில் செய்ததில்லை. பாசிப்பயறை வறுத்து, உடைத்துத் தோல் நீக்கி, திரித்து, எள்ளும் வறுத்த தேங்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டினாள். மூன்று மூன்றாக மாவில் முக்கிப் போட வேண்டும். மாவு நீர்த்துப்போய், கொத்து எண்ணெயில் பிரிந்து உதிரி உதிரியாக வந்தது. அதையே அள்ளி எடுத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டு அடுக்களைக்குள் ஆச்சி கால் வைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் அந்த உதிரியைத் தட்டில் போட்டு, முழுக்கச் சாப்பிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டீச்சர் வாங்கிய அந்தப் புதுச் சட்டியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது ஆச்சியின் ஆசாரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை. கொடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த ஆசாரத்தில் மரக்கறி மட்டும் இல்லை, சாதியும் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். நம் ஊர்ப் பலகாரத் தட்டுகள் எல்லா வாசலுக்கும் போனதாகச் சொன்னால் அது பொய். தெரு எங்கே முடிந்ததோ அங்கே தட்டும் நின்றது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எத்தனை பண்டிகை வந்துபோனாலும் தட்டு கடந்ததில்லை. கடந்தாலும் ஒரு பக்கமாகத்தான் கடந்தது: கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளாத கை கொடுப்பதைப் பக்கத்து வீட்டு அன்பு என்று நான் சொல்ல மாட்டேன். பழைய நாள்களைப் புகழ்கிறபோது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

துக்க வீட்டுக்கு வெளியிலிருந்து சாப்பாடு போக வேண்டும் என்பது ஒரு மதத்துக்கோ ஓர் ஊருக்கோ உரிய எண்ணம் இல்லை. 629-இல் முஃதா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் உயிரிழந்த செய்தி மதீனாவுக்கு வந்தபோது, ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி நபிகள் நாயகம் சொன்னார் என்று ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. துக்கத்தில் மூழ்கியிருப்பவர்களால் அடுப்பைக் கவனிக்க முடியாது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். யூதர்களிடம் அடக்கம் முடிந்து வந்த பிறகு துக்க வீட்டார் உண்ணும் முதல் உணவு அவர்களுடைய சொந்த உணவாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும். ரொட்டி, அவித்த முட்டை, பருப்பு என்று எளிமையாக இருக்கும். பாலைவனத்திலும் தாமிரபரணிக் கரையிலும் மனிதர்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்கு என்று மட்டும் இல்லை, நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற நாள்களில், சாயங்காலம் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் எந்தப் பிள்ளை நோன்பு வைத்த வீட்டுப் பிள்ளை, எந்தப் பிள்ளை இல்லை என்று ஊற்றுகிறவர் கேட்பதில்லை. காய்ச்சல்காரருக்கு நல்லது என்று கேட்டு வாங்கிப்போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

துக்க வீட்டுக்குச் சோறு போவது ஒரு வீட்டின் கதையாக மட்டும் இல்லாமல் ஒரு கரையின் கதையாக ஆன காலமும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், சுற்றியிருந்த மீனவக் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அந்த ஊர் ஜமாத்தார் தங்க இடம் கொடுத்து, நாள்கணக்கில் சோறு சமைத்துப் போட்டார்கள். அரசு உதவி வந்து சேர்வதற்கு முன்பே அவர்கள் அடுப்பு எரிந்தது. மூன்று வாரம்கூட ஆகாமல் பொங்கல் வந்தது. அந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு பண்டிகை இல்லாத தை அது. எதிர்வீட்டிலும் சாவு, பக்கத்து வீட்டிலும் சாவு என்றால், தட்டு எங்கேயிருந்து வரும்? அடுத்த ஊரிலிருந்து வர வேண்டும். வந்தது. அக்கம்பக்கம் என்பதற்கு எல்லை எவ்வளவு தூரம் என்று கேட்டால், நான் பரங்கிப்பேட்டையைத்தான் காட்டுவேன்.

இன்றைக்கு வருவோம். அடுக்குமாடி வீடுகளில் யாரும் கெட்டவர்களாகிவிடவில்லை. லிப்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள், தண்ணீர் லாரி வந்தால் சொல்லி அனுப்புகிறார்கள். கோலம் இல்லாத வாசல் மட்டும் அங்கே கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் எந்த வாசலிலும் கோலம் இல்லை. மூன்றாவது மாடியில் யாருக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது என்பது ஐந்தாவது மாடிக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் என்ன செய்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பும்போது அந்த ஒரு பெயரை விட்டுவிடுகிறார்கள். மனசு கஷ்டப்படுமே என்கிற நல்லெண்ணம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாழ்த்துவதை நிறுத்தியவர்கள் அதற்குப் பதிலாக வேறெதையும் செய்வதில்லை. துக்க வீட்டின் பக்கமிருந்து பார்த்தால், ஊர் முழுக்க ஒரே நாளில் தங்களைக் கைவிட்டதைப் போலத்தான் இருக்கும். அந்த நாளை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நன்றி எப்படிச் செலுத்துவது என்று சிலர் கேட்கிறார்கள். செய்தவர் ஊர் மாறிப் போயிருப்பார், காலமாகியிருப்பார். இதற்கும் புறநானூற்றுக்குத்தான் போகிறேன், அந்த நூலை 1894-இல் பதிப்பித்துக் கொடுத்த உ.வே.சாமிநாதையரை வணங்கிவிட்டு. பெருஞ்சித்திரனார் வீட்டு வறுமை 160-ஆம் பாடலில் இருக்கிறது. பாலில்லாத தாயிடம் பிள்ளை அழுகிறது; புலி வருகிறது என்று பயங்காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், பிள்ளை அடங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு முதிரமலைக் குமணனிடமிருந்து பெரும்பரிசு வருகிறது. 163-ஆம் பாடலில் புலவர் மனைவியிடம் பேசுகிறார். உனக்கு வேண்டியவர்களுக்குக் கொடு, சுற்றத்துப் பெரியவர்களுக்குக் கொடு, நம் பசிக்காலத்தில் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்குக் கொடு, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, சேர்த்துவைத்துப் பிழைக்கலாம் என்றும் பார்க்காதே, எல்லோருக்கும் கொடு என்கிறார். மூன்றாவதாகச் சொன்னவர்களைக் கவனியுங்கள். பிள்ளை அழுத ராத்திரியில் அரைப்படி அரிசியோ என்னவோ கொடுத்து உதவிய அக்கம்பக்கத்துப் பெண்கள் அவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. குமணன் பெயர் தெரியும். ஆனால் குமணனின் பரிசு வருகிற வரை அந்த வீட்டை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். புலவர் மறக்கவில்லை. கடன் வாங்கியதும் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் மனைவிதான் என்பதால், என்னைக் கேட்காதே என்று அதிகாரத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்.

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் குடியிருப்பில், இந்த வருஷம் சட்டி வைக்காத வீடு எது என்று இன்றைக்கு இரவே விசாரியுங்கள். பண்டிகையன்று பட்டுச் சேலையும் பளபளப்பான பெட்டியுமாகப் போய் நிற்காதீர்கள். இரண்டு நாள் முன்னால் வீட்டுத் துணியோடு போங்கள். உட்காருங்கள். அந்த வீட்டில் என்ன செய்வார்கள், எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள். போனவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பயப்படாதீர்கள். சர்க்கரை வியாதி இருக்கிறதா, பல் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்ய நேரமில்லை என்றால் கடையில் வாங்குங்கள், தப்பில்லை. அதை ஒரு பாத்திரத்தில் மாற்றிக் கொண்டுபோங்கள். அட்டைப்பெட்டி குப்பைக்குப் போகும். பாத்திரம் திரும்பி வரும், அதைக் கொண்டுவருகிறவர்களும் வருவார்கள்.

இந்த அரங்கிலேயே இந்த வருஷம் பண்டிகை இல்லாதவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். யாராவது கதவைத் தட்டினால், "எதுக்கு இதெல்லாம், வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பாசிப்பயறா கடலைப்பருப்பா என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கருப்பட்டியா வெல்லமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.